ஓடை மணலைக் கிளறும் கீரி

மேற்கு ஆப்பிரிக்காவில் விலங்கியலாளர்களே அதிகம் பார்த்திராத கீரி ஒன்று இருக்கிறதாமே, அது எந்த மாதிரிக் காட்டில் வாழ்கிறது, என்ன தின்கிறது, நம் ஊர்க் கீரிபோலப் பாம்பு பிடிக்குமா, போனால் பார்க்க முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் சொல்வது லைபீரியக் கீரியாகத்தான் இருக்க வேண்டும். லைபீரிக்டிஸ் கூனி என்பது அதன் அறிவியல் பெயர். பாம்புக் கேள்வியை முதலிலேயே முடித்துவிடுகிறேன். இந்தக் கீரிக்கு முக்கிய உணவு மண்புழு. கூடவே வண்டின் இளம்புழுக்கள் போன்ற சிறு உயிர்களையும் தின்னும். அதன் மூக்கு, நகம், பல், வாழும் இடம் என்று எதை எடுத்துப் பேசத் தொடங்கினாலும் பேச்சு மண்புழுவில்தான் போய் நிற்கும். எனவே காட்டைச் சொல்வதற்கு முன் புழுவைச் சொல்லிவிடுகிறேன்.

சிறுவயதில் குளத்தில் தூண்டில் போடப் போனவர்களுக்கு இது புரியும். மீன் பிடிப்பதற்கு முந்தைய வேலை புழு தோண்டுவது. ஐப்பசி, கார்த்திகையில் மண்வெட்டியால் எங்கே ஒரு கொத்து கொத்தினாலும் நாலு புழு நெளியும். சித்திரையில் வயல் முழுக்கக் கொத்தினாலும் ஒன்று கிடைக்காது. அப்போது வீட்டுக் கொல்லைக்குத்தான் திரும்ப வேண்டும். குளிக்கிற தண்ணீர் வழிந்தோடும் வாழைமரத்தடியில் மட்டும் புழு இருக்கும். மண்புழு தோலால் சுவாசிக்கிறது. தோல் காய்ந்தால் சாவு. ஆகவே ஈரம் போகிற திசையில் அதுவும் போகிறது, மேல்மண் காய்ந்தால் ஆழத்துக்கு இறங்கிவிடுகிறது. தூண்டில்காரச் சிறுவனுக்குத் தெரிந்த இந்த ஒரு செய்தியை வைத்துக்கொண்டே லைபீரியக் கீரியின் வாழ்க்கையில் பாதியை ஊகித்துவிடலாம்.

இப்போது இடத்துக்கு வருவோம். கினியில் தொடங்கி சியரா லியோன், லைபீரியா, ஐவரி கோஸ்ட், கானா வழியாக டோகோ வரை கடலோரத்தை ஒட்டி ஒரு மழைக்காட்டுப் பட்டை உண்டு. மேல் கினிக் காடு என்று அதைச் சொல்வார்கள். அதற்குக் கிழக்கே டோகோ, பெனின் பகுதியில் காடு அறுந்து, புல்வெளி கடற்கரை வரை இறங்கிவிடுகிறது. அந்த இடைவெளிக்கு அப்பால்தான் நைஜீரியாவும் பிரமாண்டமான காங்கோப் படுகைக் காடுகளும். இப்படித் துண்டுபட்டுக் கிடப்பதால் மேல் கினிக் காட்டுக்கென்றே தனி விலங்குகள் உருவாயின. முதுகில் வரிகள் ஓடும் வரிக்குதிரை டைக்கர் என்ற சிறு மான், அதைவிடப் பெரிய ஜென்டிங்க் டைக்கர், இன்று வேறெங்கும் காட்டில் மிஞ்சியிராத குள்ள நீர்யானை என்று அந்த வரிசை நீளும். லைபீரியக் கீரியும் அந்தக் கூட்டத்தைச் சேர்ந்ததுதான். ஆனால் பட்டை முழுவதும் அது இல்லை. உறுதியாகப் பதிவான இடங்கள் வடகிழக்கு லைபீரியாவில் நிம்பா பகுதிக் காடுகள், தென்கிழக்கு லைபீரியாவில் சாபோ தேசியப் பூங்கா, எல்லையைத் தாண்டி ஐவரி கோஸ்ட்டின் தாய் தேசியப் பூங்கா. வரைபடத்தில் இவற்றைத் தொட்டால் விரல்கள் ஒன்றோடொன்று இடித்துக்கொள்ளும்.

அங்கே பெய்யும் மழையைச் சொன்னால் நமக்கு மலைப்பாக இருக்கும். சென்னையில் ஓராண்டு முழுக்கப் பெய்வது சுமார் 1400 மில்லிமீட்டர். லைபீரியத் தலைநகர் மன்ரோவியாவில் 4000 மில்லிமீட்டருக்கு மேல். உள்ளே போகப் போகக் குறைந்து, தாய் காட்டுப் பக்கம் 2000-ஐ ஒட்டி வந்து நிற்கிறது. நம் கீரி இருப்பது அந்த உட்பகுதியில்தான். அவ்வளவு மழை பெய்தாலும் கோடை உண்டு. டிசம்பர், ஜனவரி வாக்கில் சகாராப் பக்கமிருந்து ஹர்மட்டான் என்ற வறண்ட காற்று புழுதியோடு இறங்கும். மேட்டில் உள்ள மண் இறுகும், சருகு மொறுமொறுக்கும். அந்த நாட்களிலும் காய்ந்துபோகாத இடங்கள் என்றால் ஓடைப் படுகைகள், ராஃபியா பனை அடர்ந்த சதுப்புகள், ஆற்றோர வண்டல். நம் வாழைமரத்தடிக்கு அங்கே இவைதான் சமம்.

கீரியின் தடயங்கள் கிடைத்ததும் இத்தகைய இடங்களில்தான். சதுப்பான காடு, மணல் படிந்த ஓடைக்கரை. மணல் என்பது முக்கியம். களிமண்ணில் ஈரம் இருந்தாலும் விரலை விடுவது கடினம். மணல் கலந்த வண்டலில் நகத்தைப் போட்டு இழுத்தால் கட்டியாக வந்துவிடும், உள்ளே இருக்கும் புழு முழுசாகக் கிடைக்கும். லைபீரியாவில் தேடியவர்கள் ஓடை மணலில் கீரி தோண்டிய குழிகளைப் பார்த்திருக்கிறார்கள். மண்புழு தாராளமாக இருந்த மண் அது.

உடலைப் பாருங்கள். எடை இரண்டு கிலோவைச் சற்றே தாண்டும். டொராண்டோவில் வாழ்ந்த ஓர் ஆணின் எடை 2.3 கிலோ. வால் உடல் நீளத்தில் பாதிகூட இல்லை. நம் சாம்பல் கீரியின் வால் ஏறக்குறைய உடல் அளவுக்கு நீண்டிருக்கும் என்பதை நினைத்துக்கொண்டால் இதன் தோற்றம் கண்ணில் வரும்: வால் கட்டையான, கால் திடமான, கரும்பழுப்பு நிற விலங்கு. காதுக்குப் பின்னாலிருந்து தோள்வரை ஒரு கரும்பட்டை, அதன் இரு பக்கமும் வெளிர்நிறக் கோடு. முன்னங்கால் நகங்கள் நீளமாகவும் உறுதியாகவும் இருக்கும். மூஞ்சி நீண்டு, கடைவாய்க்கு வெகுதூரம் முன்னால் போய் முடியும். அந்த மூஞ்சியைச் சருகுக்குள் விட்டு முகர்ந்துகொண்டே நடப்பது, மணம் பட்ட இடத்தில் நின்று முன்னங்கால்களை மாற்றி மாற்றிப் போட்டுக் கிளறுவது, குழிக்குள் மூக்கை இன்னும் ஆழமாக விடுவது. இதுதான் இரை தேடுதல். பாய்ச்சல், துரத்தல், படமெடுத்த பாம்பின் முன் ரோமத்தைச் சிலிர்த்துக்கொண்டு நிற்பது எல்லாம் வேறு கீரிகளின் கலை.

கழுத்துப் பட்டை என்றதும் மேற்குத் தொடர்ச்சி மலையில் சுற்றியவர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள். ஆனைமலை, நீலகிரிப் பக்கம் கழுத்தில் கரும்பட்டை உடைய கீரி நமக்கும் உண்டு; ஓடையோரம் நண்டு தேடுவதை நானே பார்த்திருக்கிறேன். இரண்டும் ஓடைக்காரர்கள், இரண்டுக்கும் கழுத்தில் பட்டை. அதனால் நெருங்கிய உறவு என்று நினைத்துவிட வேண்டாம். கீரிக் குடும்பம் இரண்டு பெரிய கிளைகளாகப் பிரிகிறது. ஒன்றில் நம் ஆசியக் கீரிகளும் ஆப்பிரிக்கக் கீரிகள் பலவும் வருகின்றன. பெரும்பாலும் தனியாகவோ ஜோடியாகவோ திரிபவை. மற்றொரு கிளை ஆப்பிரிக்காவில் மட்டும் உள்ளது, பெரும்பாலும் கூட்டமாக வாழ்வது. தொலைக்காட்சியில் எழுந்து நின்று காவல் காக்கும் மீர்கட், உடலில் பட்டைகள் ஓடும் பட்டைக் கீரி, கறையான் புற்றில் குடியிருக்கும் குள்ளக் கீரி எல்லாம் அந்தக் கிளை. லைபீரியக் கீரியும் அதில்தான். ஆகவே நம் மலைக் கீரியைவிட மீர்கட்தான் அதற்கு நெருங்கிய சொந்தம். பாலைவனத்தில் ஒருவர், மழைக்காட்டில் ஒருவர்.

இது எப்படி அறிவியலுக்குத் தெரிய வந்தது என்பதும் வாழிடத்தோடு சேர்ந்த கதை. 1950-களில் ஹான்ஸ்-யூர்க் கூன் என்ற ஜெர்மானியர் லைபீரியாவில் பாலூட்டிகளைச் சேகரித்தார். வடகிழக்குப் பகுதி ஊர்மக்களிடமிருந்து அவருக்குச் சில மண்டையோடுகள் கிடைத்தன. அவற்றை ஆராய்ந்த பிரிட்டிஷ் அருங்காட்சியகத்து ஹேமன், 1958இல் இது புதிய இனம் மட்டுமில்லை, புதிய பேரினமே என்று அறிவித்தார். பெயரின் முதல் பாதியில் லைபீரியாவும் இக்டிஸ் என்ற கிரேக்கச் சொல்லும் இருக்கின்றன. மரநாய் போன்ற சிறு ஊனுண்ணியைக் குறிக்கும் சொல் அது. இரண்டாம் பாதி கூனின் பெயர். கவனியுங்கள், தோலும் இல்லை, உடலும் இல்லை, வெறும் மண்டையோடு. உயிரோடு இருந்தபோது அது என்ன நிறம் என்று அறிவித்தவருக்கே தெரியாது. முழு உடல்களைப் பற்றிய விவரம் அச்சில் வர 1974 ஆயிற்று. ஆனால் அந்த மண்டையோடுகளைக் கொடுத்த ஊரில் ஒரு சிறுவனைக் கேட்டிருந்தால் நிறத்தைச் சொல்லியிருப்பான். 'கண்டுபிடிக்கப்பட்டது' என்று எழுதும்போதெல்லாம் எனக்குக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது. காட்டோரத்து வேட்டைக்காரர்கள் அதற்கு முன்பே அதைச் சமைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

மண்டையோட்டை மட்டும் வைத்து எப்படிப் புதிய பேரினம் என்று சொன்னார்? அதே காடுகளில் குசிமான்ஸ் என்ற சிறிய கீரி ஏராளமாக உண்டு. அதுவும் நீள்மூஞ்சி, அதுவும் கூட்டமாகத் தரையைக் கிளறுவது. இரண்டின் மண்டையோடுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். குசிமான்ஸுக்கு 36 பற்கள். லைபீரியக் கீரிக்கு 40. மேல்தாடை, கீழ்த்தாடை இரண்டிலும் பக்கத்துக்கு ஒரு முன்கடைவாய்ப் பல் கூடுதல். மண்டையோடும் பெரியது, முன்புறம் இன்னும் நீண்டது. இதுவரை சரி, பெரிய விலங்கு, பெரிய வாய் என்று சொல்லிவிடலாம். வேடிக்கை அடுத்ததில் இருக்கிறது. மண்டையோடு பெரிதாக இருந்தும் பற்கள் அந்த அளவுக்கு வளரவில்லை. நீளமான தாடையில் சிறிய பற்கள், இடைவெளி விட்டு நிற்கின்றன. நண்டின் ஓட்டையும் நத்தையின் கூட்டையும் நாள்தோறும் உடைக்கும் விலங்குக்கு இந்தப் பற்கள் போதாது. வழவழப்பான, எலும்பில்லாத, ஓடில்லாத ஒன்றைப் பிடித்து விழுங்குவதற்குப் போதும்.

இதே உடலமைப்பு வேறோர் இடத்திலும் உருவாகியிருக்கிறது. மடகாஸ்கரில் ஃபலனூக் என்று ஒரு விலங்கு. அந்தத் தீவின் ஊனுண்ணிகள் கீரிக்குத் தூரத்து உறவினர்கள், தனிக் குடும்பம். ஃபலனூக்கின் மூஞ்சியும் குறுகி நீண்டது, பற்கள் சிறியவை, முன்னங்கால் நகங்கள் நீளம், முக்கிய உணவு மண்புழு, வாழ்வது ஈரக் காட்டில். ஒருவரை ஒருவர் பார்க்காத இரண்டு கொல்லர்கள் ஒரே மாதிரிக் களைக்கொத்து செய்தது போல. வேலை ஒன்றாக இருந்தால் கருவியும் ஒன்றாகிவிடுகிறது.

மண்புழு எளிதான இரை, ஆனால் மலிவான இரை இல்லை. அதன் உடலில் ஐந்தில் நாலு பங்குக்கு மேல் தண்ணீர். இரண்டு கிலோ விலங்கு வயிறு நிரம்ப அதைத் தின்றாக வேண்டும் என்றால் நாளெல்லாம் தோண்ட வேண்டும். அப்படியிருக்க, ஏன் கூட்டமாகப் போகிறது? நாலைந்து வாய்கள் ஒரே ஓடைக்கரையைப் பங்கு போட்டால் நஷ்டம்தானே? லைபீரியக் கீரி நாலு முதல் ஆறு வரை சேர்ந்த சிறு கூட்டமாகத்தான் பெரும்பாலும் தென்பட்டிருக்கிறது. இதற்கான விளக்கத்தை மற்ற விலங்குகளிடமிருந்து கடன் வாங்கித்தான் சொல்ல வேண்டும். எனக்கு அது நியாயமாகவே படுகிறது. இங்கிலாந்தில் பேட்ஜர் என்ற வளைக்கரடியும் மண்புழுப் பிரியர், அதுவும் கூட்டமாக வாழ்கிறது. புழு கிடைக்கும் இடம் அன்றன்றைய ஈரத்தைப் பொறுத்து மாறிக்கொண்டே இருக்கும்: இன்று இந்தச் சரிவு, நாளை அந்தப் பள்ளம். எந்த நாளும் பட்டினி கிடக்காமல் இருக்க ஒரு ஜோடி இத்தகைய பல திட்டுகளைத் தன் எல்லைக்குள் வைத்திருந்தாக வேண்டும். ஆனால் ஒரு திட்டு 'திறந்திருக்கும்' நாளில் அங்கே இருப்பது இரண்டு பேருக்கு மட்டுமான சாப்பாடு இல்லை, ஒரு குடும்பத்துக்கே போதும். கூட இருப்பவர்களால் செலவு அதிகமில்லை. எடுத்த புழுவின் இடத்துக்குப் பக்கத்து மண்ணிலிருந்து வேறு புழு வந்துவிடும், ஒரு மானைக் கொன்றால் அந்த இடத்தில் மறுநாளே இன்னொரு மான் முளைக்காது. கூட்டக் கீரிகள் எல்லாமே இப்படிச் சீக்கிரம் நிரம்பும் சிற்றுயிர் உணவை நம்பி இருப்பது தற்செயல் இல்லை.

கூடவே பயமும் ஒரு காரணம். மூக்கை மண்ணுக்குள் விட்டிருப்பவனுக்குக் கண் வேலை செய்யாது. மேலே முடிக் கழுகு, தரையில் சிறுத்தை, தங்கப் பூனை, சருகோடு சருகாகக் கிடக்கும் காபூன் விரியன். பக்கத்தில் இன்னும் நாலு மூக்கும் நாலு ஜோடிக் காதும் இருப்பது நல்லதுதான்.

குடியிருப்பு வளையில். கிடைத்த தகவல்கள் வளைகளைக் கறையான் புற்றுகளோடு சேர்த்தே சொல்கின்றன. அந்தக் காடுகளில் கறையான் புற்று ஆளுயரத்துக்கு எழும்பும். சதுப்புக் காட்டில் மழைக்காலத்தில் எங்கும் தண்ணீர் நிற்கும்போது, தண்ணீர் ஏறாத, இறுகிய, உள்ளே ஏற்கெனவே துளைகள் ஓடும் மேடு அது ஒன்றுதான். ஓடைப் பள்ளத்தில் சாப்பாடு, புற்று மேட்டில் வீடு. இவை இரண்டும் அருகருகே இருக்கும் இடம் தேவைப்படுவதால்தான் 'காடு இருக்கிறது, ஆகவே கீரி இருக்கும்' என்று வரைபடத்தில் பச்சையைப் பார்த்துச் சொல்ல முடியாது என்பது என் எண்ணம். குட்டி போடுவது மழைக்காலத்தில் என்று கருதுகிறார்கள். ஜூலைக் கடைசியில் ஒரு குட்டி பிடிபட்டிருக்கிறது. தாய்க்குப் பால் சுரக்க வேண்டிய நேரத்தில் புழு மேல்மண்ணுக்கு வந்திருக்கும் என்பதால் கணக்குப் பொருந்துகிறது.

அதே ஓடையில் வேறு கீரிகளும் உண்டு. குசிமான்ஸைச் சொன்னேன், அது சிறிது, கூட்டம் பெரிது, கிடைத்ததைத் தின்னும். வெட்டப்பட்டு மறுபடி முளைத்த காட்டிலும், தோட்டங்களின் ஓரத்திலும் சமாளித்துக்கொள்ளும். சதுப்புக் கீரி தண்ணீருக்குள்ளேயே கையை விட்டுத் துழாவி நண்டும் தவளையும் பிடிக்கும்; அதன் விரல்களுக்கிடையே சவ்வு இல்லாததால் சேற்றைத் தடவிப் பார்க்க வசதி. கரையில் ஒருவர், தண்ணீரில் ஒருவர், சருகில் ஒருவர் என்று பிரித்துக்கொண்டிருக்கிறார்கள். இந்த மூவரில் குறுகிய தேவை லைபீரியக் கீரிக்கு. குறுகிய தேவை உள்ளவர்தான் முதலில் அடிபடுவார்.

அடி எங்கிருந்து வந்தது என்று பார்க்க 1989-க்குப் போக வேண்டும். 1980-களின் பிற்பகுதியில் கனடாவிலிருந்து ஆராய்ச்சிக் குழு ஒன்று நிம்பா பகுதிக்குப் போய் வேட்டைக்காரர்களோடு தங்கித் தேடியது. 1989இல் ஓர் ஆண் உயிரோடு பிடிபட்டு டொராண்டோ விலங்குக் காட்சிசாலைக்குப் போய்ச் சேர்ந்தது. மேலே சொன்ன 2.3 கிலோ அதன் எடைதான். அறிவியலாளர்கள் நிதானமாக உட்கார்ந்து பார்த்த முதல் லைபீரியக் கீரி அது. இனி களத்திலேயே ஆய்வு தொடங்கும் என்று எதிர்பார்த்திருப்பார்கள். அதே ஆண்டு டிசம்பர் 24 அன்று கிளர்ச்சித் தலைவர் சார்லஸ் டெய்லரின் படை ஐவரி கோஸ்ட்டிலிருந்து எல்லை தாண்டி லைபீரியாவுக்குள் நுழைந்தது. நுழைந்த இடம் நிம்பா. உள்நாட்டுப் போர் அங்கே தொடங்கி, இடையில் ஓய்ந்து, மறுபடி மூண்டு 2003 வரை நீடித்தது. லட்சக்கணக்கான மனிதர்கள் செத்து, அகதிகளாகக் காட்டுக்குள் ஓடிய அந்த ஆண்டுகளில் ஒரு கீரியைப் பற்றி யாருக்குக் கவலை இருந்திருக்கும்? பசித்தவர்கள் காட்டில் கிடைத்ததைத் தின்றார்கள். அதைக் குற்றமாகச் சொல்ல எனக்கு வாய் வராது.

லைபீரியக் கதவு மூடியிருந்தபோது தகவல் மறுபக்கத்திலிருந்து வந்தது. கவாலி ஆறுதான் இரு நாடுகளுக்கும் எல்லை. அதற்குக் கிழக்கே தாய் காடு. 1972இல் தேசியப் பூங்காவாகி, 1982இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த இடம். கல்லால் கொட்டையை உடைக்கும் சிம்பன்ஸிகளால் புகழ் பெற்றது. 1990-களின் பிற்பகுதியில் அங்கே லைபீரியக் கீரி இருப்பது உறுதியானது. பெயரில் மட்டும் லைபீரியா ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஆற்றைப் பற்றி அதற்கென்ன தெரியும்? பிறகு போர் ஓய்ந்ததும் சாபோவில் குள்ள நீர்யானையைத் தேடித் தானியங்கிக் கேமராக்களை வைத்தார்கள். நீர்யானை நடக்கும் ஓடைத்தடங்களைப் பார்த்து முழங்கால் உயரத்தில் கட்டிய கேமரா, மூக்கைத் தரையில் பதித்துப் போகும் கீரிக்கும் சரியான உயரம். தேடியது ஒன்று, கூடவே கிடைத்தது இன்னொன்று. இந்த விலங்கைப் பற்றி இன்று நமக்குத் தெரிந்ததில் கணிசமான பங்கு இப்படிப் பிறர் தேடலில் ஒட்டிக்கொண்டு வந்ததுதான்.

ஆபத்து என்றால் பெரிதாக மூன்று. ஒன்று வேட்டை. காட்டிறைச்சி அங்கே சந்தையில் விற்கும் பொருள். துப்பாக்கி, கம்பிக் கண்ணி, நாய் மூன்றும் புழக்கத்தில் இருக்கின்றன. கண்ணி வைப்பவன் டைக்கருக்காகத்தான் வைக்கிறான், ஆனால் கம்பிக்கு ஆள் அடையாளம் தெரியாது. நாய் இன்னும் மோசம். வளையில் குடும்பமாக இருக்கும் விலங்கை நாய் மோப்பம் பிடித்துவிட்டால் ஒன்று மட்டும் போகாது. அடுத்தது காடு குறைவது: மரம் வெட்டும் பாதை, காட்டை எரித்து நெல் விதைக்கும் புனம், ரப்பர், கோகோ. நிழல் போனால் மேல்மண் காயும், மண் காய்ந்தால் புழு இறங்கும். மரம் ஒன்றிரண்டு மிச்சம் இருந்தாலும் கீரிக்கு அங்கே சாப்பாடு இல்லை. மூன்றாவதை அதிகம் பேர் சொல்வதில்லை, எனக்கு அதுதான் உறுத்துகிறது: ஓடைகளில் தங்கம் அரிப்பது. சாபோ உட்பட லைபீரியக் காடுகளில் மண்வெட்டியும் சல்லடையுமாக ஆட்கள் ஓடைப் படுகையைக் கிண்டி, வண்டலைக் கழுவித் தங்கத் துகளைத் தேடுகிறார்கள். காட்டை மேலிருந்து பார்த்தால் பச்சை குறையாமல் தெரியும். கீரிக்குத் தேவையான அந்த ஓரடி மணல் மட்டும் புரட்டப்பட்டிருக்கும்.

இயற்கைப் பாதுகாப்புக்கான பன்னாட்டு ஒன்றியம் முன்பு இதை அருகிய இனம் என்ற பிரிவில் வைத்திருந்தது; இப்போது ஒரு படி கீழே, அழிவாய்ப்பு இனம் என்ற பிரிவில் இருக்கிறது. நினைத்ததைவிடப் பரவலாக இருப்பது தெரிந்தது என்ற அளவில் மகிழலாம், எண்ணிக்கை ஏறிவிட்டது என்று படித்துவிடக் கூடாது. நல்ல செய்தி என்றால், 2017இல் லைபீரியா தாய் காட்டுக்கு எதிர்க்கரையில் கிரேபோ-கிரான் தேசியப் பூங்காவை அறிவித்ததைச் சொல்வேன். தாய்க்கும் சாபோவுக்கும் நடுவே உள்ள காடு அது. வேட்டைக்கும் தங்கத்துக்கும் வேலி போட்டால் ஆற்றின் இரு கரையிலும் ஒரே தொகுதியாகக் காடு நிற்கும்.

போனால் பார்க்கலாமா? சாபோவும் தாயும் பயணிகள் போகக்கூடிய பூங்காக்கள்தான். தாய் பக்கம் சிம்பன்ஸி பார்க்க ஏற்பாடுகள் உண்டு. இந்தக் கீரியை மட்டும் நம்பி டிக்கெட் எடுக்காதீர்கள். அது பெரும்பாலும் பகலில் நடமாடுவது உங்களுக்குச் சாதகம், கீழ்க்காட்டின் அடர்த்தி பாதகம். கோடையில் போனால் உள்ளூர் வழிகாட்டியோடு சின்ன ஓடைகளை ஒட்டி நடங்கள். கண்ணைக் கரை மணலில் வையுங்கள். பன்றி கிளறினால் உழுதாற்போலப் பெரிதாகக் கிடக்கும். மூக்கு நுழையும் அளவுக்குக் கூம்பாக, ஒன்றுக்கொன்று சில அடி தள்ளி, பல குழிகள் புதிதாக இருந்தால் வழிகாட்டியைக் கூப்பிட்டுக் காட்டுங்கள். குசிமான்ஸ் கூட்டமும் தரையைக் கிளறும் என்பதால் உங்களால் பிரித்துச் சொல்ல முடியாது, வேட்டையாடி வளர்ந்த ஒருவர் சொல்லிவிடுவார். குழியின் ஓரத்தில் ஈரம் காயாமல் இருந்தால் பேச்சை நிறுத்திவிட்டு அப்படியே நில்லுங்கள்.